முகத்துவாரம் அடைத்த ஊர்

ஆம்ஸ்டர்டாம் எனக்குச் சரிப்பட்டு வராது என்று நான் முடிவு சொன்னது முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு. அந்த ஊரை நான் பார்த்ததில்லை. இன்றுவரைக்கும் பார்க்கவில்லை. பொன்னேரி, அதைத் தாண்டி மெட்ராஸ், ஒரே ஒரு முறை திருப்பதி, இவ்வளவுதான் என் பயணம். இருந்தும் அந்த ஊரின் தண்ணீரை விசாரித்தேன், காற்றை விசாரித்தேன், படகை விசாரித்தேன், கடைசியில் இது நம் ருசிக்கு ஆகாத ஊர் என்று தீர்ப்பும் எழுதிவிட்டேன். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயசு. எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்ற நினைப்பு.

எழுபதுகளின் பின்பாதி அது. அந்த வருஷம் பழவேற்காட்டு முகத்துவாரம் அடைத்துக்கொண்டது. ஏரியும் கடலும் சேருகிற வாசலைத்தான் முகத்துவாரம் என்போம். ஓதம் ஏறும்போது கடல் அதன் வழியே உள்ளே வரும், கூடவே இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வரும். இறங்கும்போது ஏரித் தண்ணீர் வெளியே போகும். அந்த வாசலில் மணல் ஏறி மேடு போட்டுவிட்டால் ஏரிக்கு வரத்தும் இல்லை, போக்கும் இல்லை. வெயில் குடித்த மிச்சம்தான் தண்ணீர். சித்திரையில் கரை ஓரமெல்லாம் வெடித்துப்போய், நடு ஏரியில் படகு தரை தட்டியது. செத்த மீன் கரை ஒதுங்கியபோது முதல் நாலு நாள் பொறுக்கினோம். அப்புறம் பொறுக்க அதுவும் இல்லை.

ஆண்கள் எல்லோரும் மண்வெட்டியோடு போய் மேட்டை வெட்டினோம். காலையில் வெட்டின வாய்க்காலைச் சாயங்காலத்துக்குள் கடல் மூடிவிட்டுப் போனது. மூன்று தடவை வெட்டினோம். மூன்றாவது தடவை நான் மணலில் உட்கார்ந்து அழுதேன். அதைப் பார்த்தவர்கள் பார்க்காத மாதிரி வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் நான், என் மனைவி, மூன்று வயசுப் பெண். காலையில் கேழ்வரகுக் கூழ், மாலையில் அதே கூழில் இன்னும் கொஞ்சம் தண்ணீர். குப்பத்துப் பெண்கள் சிலர் திருப்பாலைவனம் பக்கம் களை பறிக்கப் போனார்கள். அங்கேயும் தண்ணீர் இல்லாமல் வேலை நின்றது. என் மனைவி சேற்றில் இறங்கினாள். ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிற குடும்பங்கள் உண்டு. ஓலையில் முடைந்த பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். இரண்டு கையும் சேற்றுக்குள் தடவும், அகப்பட்டதைப் பறியில் போடும். வலைக்கார வீட்டுப் பெண் அதைச் செய்ய மாட்டாள். இவள் செய்தாள். யாரிடம் கற்றாள் என்று நான் கேட்கவில்லை, கேட்க எனக்கு முகமில்லை. ஒரு நாளைக்கு இரண்டு கைப்பிடி இறால் கிடைக்கும், சில நாள் அதுவும் கிடைக்காது.

அந்த நேரத்தில்தான் டச்சுக்காரம்மா வந்தார்.

எங்கள் ஊரில் டச்சுக்காரன் கல்லறை இருக்கிறது. பழைய கற்கள், கல்லில் கப்பல், எலும்புக்கூடு, புரியாத எழுத்து. வருஷத்துக்கு நாலு பேர் வந்து போட்டோ எடுத்துவிட்டுப் போவார்கள். இவர் போகவில்லை. ஐம்பது வயசிருக்கும், ஆள் உயரம், வெயிலில் மூக்கு உரிந்திருந்தது. ஒரு பழைய வியாபாரக் குடும்பத்து முஸ்லிம் பெரியவர் வீட்டு மாடியில் தங்கிக்கொண்டு ஒவ்வொரு கல்லாக எழுத்தைப் படி எடுத்தார். அந்தப் பெரியவரை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்த மீன்காரன் ஒருவன் சும்மா இருக்கிறான் என்று பாய்தான் என்னைச் சேர்த்துவிட்டார். பெட்டி தூக்குவது, கல்லைத் தேய்த்துக் கழுவுவது, தண்ணீர் இருந்த பக்கம் கழி ஊன்றிப் படகு தாங்குவது எல்லாம் என் வேலை. மத்தியானம் அந்தம்மா சாப்பாட்டில் பாதியை எனக்குத் தருவார். நான் அதை இலையில் மடித்து வீட்டுக்குக் கொண்டுபோவேன்.

மூன்றாவது வாரம் அந்தம்மா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். பக்கத்தில் பாய், என் இங்கிலீஷ் நிற்கிற இடத்தில் தூக்கிவிட. அவர்கள் ஊரில் ஒரு காட்சிசாலை. அவர்கள் கப்பல் போன நாடுகளின் படகு, வலை எல்லாம் அங்கே வைக்கப் போகிறார்களாம். எங்கள் சுத்துவலையைக் கட்டி நிறுத்தி, கழி ஊன்றுவது எப்படி, கயிற்றில் முடிச்சுப் போடுவது எப்படி என்று செய்து காட்ட ஒரு ஆள் வேண்டும். ஒரு வருஷம். கப்பலோ விமானமோ அவர்கள் செலவு. மாதாமாதம் வீட்டுக்குப் பணம் வந்துவிடும், பாய் வாங்கி என் மனைவி கையில் கொடுத்துவிடுவார். பத்து நாளில் அந்தம்மா கிளம்புகிறார், அதற்குள் சரி என்று சொன்னால் பாஸ்போர்ட்டுக்கு வேண்டியதை ஆரம்பித்துவிட்டுப் போவார்.

வேறு யாராக இருந்தாலும் சந்தோஷத்தில் குதித்திருப்பார்கள். எனக்குப் பயம், அவ்வளவுதான். அந்தப் பயத்துக்கு ஒரு பேரும் இருந்தது, பாடு.

எங்கள் ஏரியில் சுத்துவலை போட அவரவர் இஷ்டத்துக்கு இறங்க முடியாது. வலை போடும் இடத்துக்குத்தான் பாடு என்று பேர். கல்யாணம் ஆனவன் ஒரு தலைக்கட்டு, தலைக்கட்டுக்கு ஒரு சீட்டு. வருஷத்தில் ஒரு நாள் கோயில் முன்னால் சீட்டுக் குலுக்கி யாருக்கு எந்தப் பாடு, எந்த முறை என்று முடிவு செய்வார்கள். எங்கள் குப்பத்தில் அன்றைக்கு ஆள் நேரில் நிற்க வேண்டும். அண்ணன் தம்பி எடுத்துத் தர முடியாது. ஒரு வருஷம் இல்லாமல் போனவன் பேரை எடுத்துவிடுவார்கள். திரும்ப ஏற்ற ஊர் கூடிப் பேச வேண்டும், அதற்கு எத்தனை வருஷம் என்று யாரும் வாக்குத் தர மாட்டார்கள். என் நைனாவுக்கு ஒரு பங்காளி, மெட்ராஸ் துறைமுகத்து வேலைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தவர். சாகிற வரைக்கும் சொந்த ஊரில் அடுத்தவன் வலைக்குக் கூலிக்கு நின்றார். சின்ன வயசில் நாங்களே அவரை இளக்காரமாகத்தான் பார்ப்போம்.

ஆக, மீனே இல்லாத ஏரியில் எனக்கு ஒரு சீட்டு இருந்தது. அதை விட மனசு வரவில்லை. வெளியே சொல்லவும் வெட்கம், பட்டினி கிடக்கிறவன் அதை ஒரு காரணமாகச் சொன்னால் செருப்பால் அடிப்பார்கள். அதனால் நான் வேறு வேலை செய்தேன். அந்த ஊர் எனக்குப் பிடிக்குமா என்று விசாரிக்க ஆரம்பித்தேன்.

அந்தம்மாவிடம் ஆறு படங்கள் இருந்தன, தபால் அட்டைப் படங்கள். பார்த்து முடிவு செய் என்று கொடுத்தார். வீட்டுக்கு எடுத்துப் போய் வாசலில் வரிசையாகப் பரப்பினேன். பார்த்ததும் ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஊர் முழுக்கத் தண்ணீர். தெருவுக்குத் தெரு வாய்க்கால், வாய்க்கால் மேல் பாலம், வீட்டு வாசலில் படகு. வீடுகள் ஒல்லியாக, உயரமாக, ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு நின்றன. சைக்கிளில் பெண்கள் போனார்கள். தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு வாழ்கிற ஜனம் என்றால் நமக்கு ஒத்துப்போகும் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் அப்போதுதான் சேற்றைக் கழுவிவிட்டு வந்திருந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு படமாக எடுத்து முகத்துக்குக் கிட்டே வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அங்க பசின்னு எவனும் குந்திகினு இருக்க மாட்டான், இல்ல?"

அது எப்படித் தெரியும், கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து அந்தம்மாவை நான் போட்டுக் குடைந்தேன். காற்று எந்தப் பக்கமிருந்து வீசும்? மேற்கிலிருந்து. எங்கள் கச்சான் காற்று மாதிரியா? அந்தம்மாவுக்குக் கச்சான் தெரியாது. தரை சேறா மணலா? சேறு, அதில் மரக்கழி அடித்து அதன் மேல்தான் ஊரே நிற்கிறது. கழி ஊன்றின ஊர் என்று கேட்டதும் எனக்கு மறுபடி ஆசை வந்துவிட்டது, அதனால் இன்னும் கடுமையாகக் கேட்டேன். ஓதம் எத்தனை முழம் ஏறும்? நண்டு எந்த மாசம் கொழுக்கும்? அந்தம்மா பொறுமையாகச் சிரித்தார். பாய்க்குத்தான் பொறுக்கவில்லை.

"தம்பி, நீ ஊரப் பத்திக் கேக்குறியா, அங்க பாடு புடிக்கக் கேக்குறியா? வருசம் ஒண்ணு. பாத்துட்டு வந்து நல்லாருக்கு, நல்லால்லன்னு சொல்லேன்."

பாய் குடும்பத்தில் ரங்கூனும் சிங்கப்பூரும் பார்க்காத ஆண் கிடையாது. அவர்களுக்குத் திரும்பி வந்தால் கடை அப்படியே இருக்கும். எனக்கு அப்படியா என்று உள்ளே எரிந்தது.

கடைசியாக ஒரு நாள் கல்லறைச் சுவர் நிழலில் வைத்து, அந்த ஊருக்கு முகத்துவாரம் எங்கே என்று கேட்டேன். பாய் அதை விளக்கிச் சொல்லக் கொஞ்சம் நேரம் ஆனது. அந்தம்மா ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கோடு போட்டார். இது கடல். இது முன்பு ஊர் வரைக்கும் உள்ளே வந்துகொண்டிருந்தது. வெள்ளம் வந்து ஊர் மூழ்கும் என்று இங்கே நீளமாக ஒரு கரை கட்டிக் கடலை அடைத்துவிட்டார்கள். இப்போது உள்ளே இருப்பது நல்ல தண்ணீர். கப்பல் வந்தால் கதவு திறப்பார்கள், போனதும் மூடிவிடுவார்கள். சொல்லும்போது அந்தம்மா முகத்தில் பெருமை, பெரிய வேலை செய்து முடித்த ஜனங்களின் பெருமை.

அப்போ ஓதம் கிடையாதா என்றேன். கிடையாது என்றார்.

அவ்வளவுதான், எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. முகத்துவாரத்தைத் தாங்களே அடைத்துக்கொண்ட ஜனம். செத்த தண்ணீரின் கரையில் வீடு கட்டிச் சைக்கிள் விடுகிற ஜனம். மீன் என்ன, ஒரு பொடி இறால்கூட அந்தத் தண்ணீரில் நிற்காது. எங்களுக்கு வந்த சாவை அவர்கள் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள் என்று தோன்றியது. அந்த ஊரில் ஒரு வருஷம் நான் எப்படி மூச்சு விடுவேன்? இதை நான் மனசார நம்பினேன். எங்கள் ஏரிக்கரையில் பிறந்தவன் எவனாக இருந்தாலும் நம்பியிருப்பான். முகத்துவாரம் அடைத்தால் சாவு என்பதைத் தவிர எங்களுக்கு வேறு பாடமே கிடையாது.

அங்கிருந்து நேராக ஏரிக்குப் போனேன். மனைவி தூரத்தில் சேற்றில் குனிந்திருந்தாள். கரையில் நின்று கூப்பிட்டால் கேட்காது என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். முழங்கால் வரை சேறு. பறிக் கயிறு அவள் பல்லில் இருந்தது, இரண்டு கையும் உள்ளே இருந்தன. நான் மூச்சு வாங்கச் சொன்னேன், அந்த ஊர் நமக்கு ஆகாது, முகத்துவாரம் அடைத்த ஊர், ஓதமே கிடையாதாம், ஒரு மீன் கிடையாது, நான் போகவில்லை என்று. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என்னவோ சொல்ல வந்த மாதிரி தாடை அசைந்தது, பறி ஆடியது. அப்புறம் தலையை ஆட்டினாள். சரி என்று சொல்கிறாள் என எடுத்துக்கொண்டு நான் திரும்பிவிட்டேன்.

படங்களைத் திருப்பிக் கொடுத்தபோது ஐந்துதான் இருந்தது. காற்றில் பறந்திருக்கும் என்றேன். பரவாயில்லை என்றார் அந்தம்மா. என் காரணத்தை அவருக்குச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை, வீட்டில் விட மாட்டேன் என்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். குப்பத்தில் மட்டும் அடைத்த முகத்துவாரத்தை உண்மைக் காரணம் என்று சொல்லித் திரிந்தேன். அடைத்த முகத்துவாரத்தைப் பார்க்க ஆம்ஸ்டர்டாம் போகணுமா, இங்கேயே சும்மா பார்க்கலாமே என்பேன். பட்டினியில் கிடந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என்னைப் புத்திசாலி என்றார்கள். எனக்கும் அப்படியே தோன்றியது.

அந்தம்மா போன இருபது நாளில் சேற்றுக்குள் ஒரு கெளுத்தி என் மனைவியைக் குத்தியது. வலது கை, நடு விரல். மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாளும் இறங்கினாள். வேண்டாம் என்று நான் சொன்னேன்தான். சொல்லிவிட்டு, அன்று சாயங்காலம் அவள் கொண்டுவந்ததைச் சாப்பிட்டேன். நாலாம் நாள் கை முழங்கை வரைக்கும் வீங்கிக் காய்ச்சல் ஏறியது. பாய் வண்டி பிடித்துக் கொடுத்தார், பொன்னேரிக்கு, அங்கிருந்து மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்கு. முன்னாலேயே வந்திருக்கக் கூடாதா என்று டாக்டர் கேட்டார். ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் எடுத்துவிட்டார்கள். வார்டு வாசலில் பெண்ணை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குழந்தை பசிக்குது என்று சொல்லிக்கொண்டே இருந்தது. அந்த நேரத்தில் யாராவது வந்து ஆம்ஸ்டர்டாம் என்ன, நரகத்துக்கு வருகிறாயா என்று கேட்டிருந்தால் எழுந்து போயிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

சீட்டு நாள் வந்தது. கோயில் முன்னால் போய் நின்றேன். முகத்துவாரத்துக்குக் கிட்டே நல்ல பாடு எனக்கு விழுந்தது. எல்லோரும் முதுகில் தட்டினார்கள். தண்ணீர் வற்றிய அந்த இடத்தில் அப்போது ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. ஐப்பசி போய்க் கார்த்திகையில்தான் பெருமழை பெய்து, உள்ளே வெள்ளம் சேர்ந்து, மேடு தானாக உடைந்தது. இறால் வந்தது. நல்லவேளை நீ போகவில்லை என்று ஊரில் சொன்னார்கள். ஆமாம் என்றேன். வீட்டில் அவள் இடது கையால் சோறு பிசைந்து பெண்ணுக்கு ஊட்டக் கற்றுக்கொண்டிருந்தாள்.

அதற்கு அப்புறம் ஏழெட்டு வருஷம். எண்பதுகளின் நடுவில் ஒரு புயல் வருகிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். மத்தியானமே கூரையைக் கயிறு போட்டு இழுத்துக் கட்ட ஆரம்பித்தோம். நனையக் கூடாததை எல்லாம் பொட்டலம் கட்டுவதற்காக அவள் தகரப் பெட்டியைத் திறந்தாள். ரேஷன் கார்டுக்கு அடியில் அந்தப் படம் இருந்தது. ஆறாவது படம்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. இதை நீதான் எடுத்து வைத்தாயா என்று வாங்கிப் பார்த்தேன். பாலம், வாய்க்கால், ஒல்லி வீடுகள். பழைய பழக்கத்தில் வாய் தானாக ஓடியது, பாரு, எப்படிச் செத்துக் கிடக்குது தண்ணி என்றேன். அவள் படத்தை என் கையிலிருந்து வாங்கினாள். கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் இடுக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கை விரலால் ஒரு மூலையைத் தொட்டுக் காட்டினாள். பாலத்துக்கு அடியில், கரை ஓரமாக, தொப்பி போட்ட ஒரு ஆள். நகம் அளவுதான். கையில் தூண்டில். காலடியில் ஒரு வாளி.

"வாளி எதுக்குக் கீது?" என்றாள். "மீனு இல்லாத ஊர்ல எவன்னா வாளி எட்த்துகினு வந்து குந்துவானா?"

எப்போது இதைப் பார்த்தாய் என்று கேட்டேன். முதல் நாளே என்றாள், வாசலில் பரப்பினாயே அன்றைக்கே. அப்போ ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது என் குரல் உயர்ந்துவிட்டது. எனக்கு அவள் மேல் கோபமே வந்தது, வெட்கமில்லாமல்.

"சொல்லத்தான் எட்த்து வச்சன். நீ வந்து சொல்லச்சொல்ல என் வாயில பறி இருந்துச்சி. பதிலு கேக்க நீ நிக்கல, போயிட்ட."

அப்புறமாவது சொல்லியிருக்கலாமே, அந்தம்மா கிளம்ப ஒரு வாரம் இருந்ததே என்றேன்.

"அப்பறம் நீ ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சிகினு வந்த. அத்தினி மாசத்துல அன்னிக்குதான் நீ சிரிச்ச. வுடு, போவட்டும்னு வுட்டன்."

படத்தை ரேஷன் கார்டோடு வைத்துப் பிளாஸ்டிக் காகிதத்தில் சுற்றினாள். கயிற்றை இழு, காற்று ஏறுகிறது என்று சொன்னாள். நான் ஒரு முனையை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். மறு முனையை அவள் மூன்று விரலால் சுற்றி, பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டாள்.